வழியில் தொலைந்த அடி

ராத்காவை யாராவது திருடி என்று சொல்லியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பாள். அவள் திருடி இல்லை என்பது ஊருக்கே தெரியும், சொன்னவள் வாய்தான் நாறும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாசகசாலைக் கூடத்தில், பத்துப் பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, "உன் கால் முடிஞ்சுபோச்சுடி ராத்கா" என்று வெனெத்தா சொன்னாளே, அதை எப்படிப் பொறுப்பது?

எல்லாம் தலைநகர் சோஃபியாவிலிருந்து வந்த ஒரு கடிதத்தால் வந்த வினை. கோடையில் ஆற்றங்கரைப் புல்வெளியில் இவர்கள் பன்னிரண்டு பேரும் கோபானிட்ஸா என்கிற வரிசை ஆட்டம் ஆடினார்கள். அதை ஊரில் கல்யாணப் படம் எடுக்கும் மெதோடி கேமராவில் கேசட்டாகப் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, டிஸ்க்காகப் போட்டுக் கொடுத்தான். அக்டோபர் விழாவில் மேடையேற வேண்டும் என்ற ஆசையில் டிஸ்க்கைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பியிருந்தார்கள். அது போன வேகத்தில் திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரு கடிதம்: "வரிசையில் இரண்டாவதாக நிற்பவரின் கால் மேளத்தோடு சேரவில்லை. மூன்றாம் சுற்றில் வெளிப்படையாகத் தடுமாறுகிறார். இந்நிலையில் குழுவை மேடைக்கு அழைக்க இயலாது. ஆட்சேபம் இருப்பின் வெள்ளிக்கிழமை நண்பகலுக்குள் தெரிவிக்கலாம்."

இரண்டாவதாக நிற்பவள் ராத்கா. முதலாவதாக நின்று கைக்குட்டையைச் சுழற்றி வரிசையை நடத்துபவள் வெனெத்தா.

வெனெத்தா கடிதத்தை இரண்டு முறை வாசித்தாள். 'இரண்டாவதாக' என்ற சொல் வந்தபோது குரல் தானாக உயர்ந்தது. பிறகு தீர்ப்பு. "உன் எடத்துல வேற ஆள நிறுத்தி மறுபடியும் படம் எடுக்கப் போறோம். நீ கீழ உக்காந்து கைதட்டு, போதும்." பத்துப் பேரில் ஒருத்தியாவது வாயைத் திறந்தாளா? எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தரையில் என்ன ஓவியமா வரைந்திருந்தது?

இரும்பாலைக் கேன்டீனில் முப்பது வருஷம் நின்ற கால் அது. ஏழு வயதில் வரிசையில் சேர்ந்த கால். திங்கள்கிழமை ரொட்டிக் கடையில் ஒருத்தி கேட்டாள்: "போனது முட்டியா, இடுப்பா?" செவ்வாய்க்கிழமை வேறொருத்தி முட்டிக்குத் தடவ நரிக்கொழுப்புக் களிம்பு கொண்டுவந்து நீட்டினாள். புதன்கிழமை ராத்கா வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வியாழக்கிழமை மாலை, கடிதத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு மெதோடி வீட்டுக்குக் கிளம்பினாள்.

அவன் வீடு நாலாம் மாடியில். லிஃப்ட் அன்றைக்கு அதிசயமாக வேலை செய்தது. ராத்கா அதை ஒரு முறை முறைத்துவிட்டுப் படியில் ஏறினாள்.

"யாரு, ராத்காக்காவா! உள்ள வா. மிளகாய் சுட்டுக்கிட்டிருக்கேன், ஒரு நிமிஷம்."

"மிளகாய் எங்கயும் ஓடிப்போகாது. வாடா இங்க."

மெதோடி முன்பு இரும்பாலையில் எலக்ட்ரீஷியன். ஆலை ஆட்களைக் குறைத்தபோது அவனையும் குறைத்தது. மனைவி இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். அவள் வாங்கி அனுப்பிய கேமராதான் இப்போது அவனுக்குச் சோறு போடுகிறது. நல்லவன்தான். என்ன, எதையும் முக்கால்வாசி செய்துவிட்டு முழுசாகச் செய்துவிட்டதாக நினைத்துக்கொள்கிற நல்லவன்.

கடிதத்தைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். டிஸ்க்கைப் போட்டுக் காட்டினான். திரையில் பன்னிரண்டு பெண்கள், சிவப்பு மேலாடை, ஒருவர் இடுப்புப் பட்டையை ஒருவர் பிடித்த வரிசை. இரண்டாம் சுற்று முடியும்போது கேமரா மெல்ல நெருங்கி ராத்காவின் கால்களில் போய் நின்றது.

"எல்லாத்துலயும் உன் கால்தான் அழகா இருந்துச்சு. அதான் கிட்டப் போயி எடுத்தேன். பாரு, எவ்ளோ நல்ல மனசு எனக்கு."

மூன்றாம் சுற்று வந்தது. ராத்காவின் வலது கால் மேலே எழுந்தது. எழுந்த கால் இறங்கவே இல்லை. திடீரென்று இடது கால் முன்னால் இருந்தது, உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, மேளம் தன்பாட்டுக்கு எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. மதுக்கடையிலிருந்து வெளியே தள்ளப்பட்ட ஆள்போல இருந்தாள்.

"இது நான் இல்ல."

"பின்ன யாரு, உன் தங்கச்சியா? ஆடத் தெரியாதவ தெரு கோணல்னாளாம். மெஷின் பொய் சொல்லாதுக்கா."

"மெஷின் சொல்லாது. உன் கையில இருக்கற மெஷின் சொல்லும். கேசட்டு எங்கடா?"

"இருக்கு. நல்ல வேள, அடுத்த வாரம் ஒரு கல்யாணத்த அது மேலயே எடுக்கலாம்னு வெச்சிருந்தேன்."

"எடுடா அத. கம்ப்யூட்டர்ல வேணாம். கேமராவுலேர்ந்து நேரா டிவில போடு."

போட்டான். ராத்கா உட்காரவில்லை. டிவிக்கு முன்னால் நின்று வாய்விட்டு எண்ணினாள். கோபானிட்ஸாவில் ஒரு சுற்றுக்குப் பதினொரு தட்டு: ரெண்டு, ரெண்டு, மூணு, ரெண்டு, ரெண்டு. அந்த நடு மூணில்தான் ஆட்டத்தின் உயிரே இருக்கிறது. அதைக் கோட்டைவிட்டால் நடையென்று சொல்லலாம், ஆட்டமென்று சொல்ல முடியாது. முதல் சுற்று சரி. இரண்டாவது சரி. மூன்றாவதில் வலது கால் எழுந்தது, இறங்கியது, மூணு விழுந்தது, மேளமும் காலும் ஒட்டிக்கொண்டு போயின.

"பாத்தியா!" என்று கத்தினாள். "பாத்தியாடா! எங்க தடுமாறுனேன்? காட்டு!"

மெதோடி தலையைச் சொறிந்தான். "ஆமா... இதுல சரியாத்தான் இருக்கு."

"திருப்பிப் போடு."

இரண்டாம் முறை அவள் தன் காலைப் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில் இன்னொரு கால் தெரிந்தது. கறுப்புப் பூவேலைக் காலுறை, வெனெத்தாவின் கால். நடு மூணில் அந்தக் கால் புல்லில் வழுக்கியது. அரை அடிகூட இருக்காது, கண் சிமிட்டுகிற நேரம். உடனே ராத்காவின் உடம்பு லேசாகச் சாய்ந்து பட்டையைப் பிடித்து இழுத்தது. வெனெத்தா நிமிர்ந்தாள். வரிசை குலையாமல் நகர்ந்தது.

அப்போதுதான் ராத்காவுக்கு ஞாபகம் வந்தது. அதை மறந்தே போயிருந்தாள். ஒரு ஆட்டத்தில் பத்துத் தடவை இப்படி நடக்கும். யாராவது இடறுவாள், பக்கத்தில் இருப்பவள் பட்டையைப் பிடித்து நிமிர்த்துவாள். ஆட்டம் முடிந்ததும் அதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். பட்டையில் நடந்தது பட்டையோடு போக வேண்டும் என்பது வரிசைக்கு ஒரு சட்டம். எழுதி வைக்கவில்லை, ஆனால் மீறியவள் எவளும் இல்லை.

ஆக, இடறியவள் வெனெத்தா. அவளைத் தாங்கிய அசைவைத்தான் அந்தப் பாழாய்ப்போன டிஸ்க் தடுமாற்றமாகக் காட்டியது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! ராத்காவின் காது மடல்கள் சூடேறின. மெதோடிக்கு ஆடத் தெரியாது, அவன் எதையும் கவனிக்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

"கேசட்டுல இருக்கற அடி டிஸ்க்குல இல்ல. நடுவுல எவன் தின்னான்?"

மெதோடி கம்ப்யூட்டரைக் கிளப்பினான். "ஒரு செகண்டுக்கு இருபத்தஞ்சு படம்க்கா. கேமரா ஓட ஓட இந்தக் கேபிள் வழியா உள்ள வரும், கம்ப்யூட்டருக்குள்ள இருக்கற ஹார்ட் டிஸ்க்கு உடனுக்குடன் எழுதிக்கணும். எழுத நேரமில்லன்னா அந்தப் படத்த விட்டுடும். காத்திருக்காது. எவ்ளோ விட்டுச்சுன்னு கீழ நம்பர் வரும்."

"அன்னிக்கு எவ்ளோ வந்துச்சு?"

மெதோடி ஜன்னலைப் பார்த்தான். "நானூத்துப் பன்னெண்டு."

"அதப் பாத்துட்டு என்ன பண்ணுன?"

"சரின்னு ஒரு பட்டன் வந்துச்சு. அமுக்குனேன்."

"நானூத்துப் பன்னெண்டு படத்தத் தொலைச்சிட்டுச் சரின்னு அமுக்குனியா? கல்யாணத்துல மாப்பிள்ளையத் தொலைச்சிருந்தாலும் அமுக்கியிருப்பியா?"

"பத்து நிமிஷப் படத்துல அது கண்ணுக்கே தெரியாதுக்கா..."

"எனக்குத் தெரிஞ்சுதே! சோஃபியாவுல இருக்கறவனுக்குத் தெரிஞ்சுதே! ரொட்டிக் கடைக்காரிக்குத் தெரிஞ்சுதே!" கடிதத்தை அவன் முகத்துக்கு நேராக ஆட்டினாள். "உக்காரு. மறுபடியும் ஏத்து. நான் இங்கயே நிக்கிறேன். நாளைக்குக் காலையில பஸ்ல முழு டிஸ்க்கு போகணும்."

மெதோடி உட்கார்ந்தான். கேசட்டைத் தொடக்கத்துக்குச் சுற்றினான். ஓடவிட்டான். இரண்டு நிமிஷத்தில் கீழே ஏழு என்று வந்தது, பிறகு பதினைந்து. நிறுத்தினான். கேபிள் பழசாக இருக்கும் என்று வேறு கேபிள் மாற்றினான். மறுபடியும் ஒன்பது. வைரஸ் பிடிக்கும் காவல்காரன் ஒருவன் உள்ளே ஓடிக்கொண்டிருக்கிறான் என்று அவனை அணைத்தான். மறுபடியும் பதினொன்று. திரையில் படம் காட்டுவதை நிறுத்தினான். ஆறு. அதன்பின் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்தினான்.

"அது எதுக்குடா?"

"காத்து குறுக்க அடிக்குது. மனுஷனுக்கே கழுத்துப் பிடிச்சுக்குது."

"மனுஷனுக்கு அறிவு பிடிச்சா நல்லாருக்கும்."

ராத்கா எண்ணைப் பார்த்தபடியே நின்றாள். தாளம் எண்ணிப் பழகியவளுக்கு எதையும் சும்மா பார்க்கத் தெரியாது. எண் சீராக ஏறவில்லை. கொஞ்ச நேரம் சும்மா கிடக்கும், பிறகு நாலைந்தாகத் தாவும். சுவரில் ஒரு சின்னப் பெட்டி தொங்கியது. அதற்குள் பால்கனிப் பக்கமிருந்து ஒரு கொத்து ஒயர் வந்தது. அதன் பச்சை விளக்குகள் பைத்தியம் பிடித்ததுபோல் மின்னும்போதெல்லாம் எண்ணும் தாவியது.

"அது என்ன பெட்டி?"

"அதுவா? அது நம்ம பிளாக்கோட நெட்டு. மூணு பிளாக்குக்கும் இங்கேர்ந்துதான் ஒயர் போகுது."

"அதுல என்ன போகுது?"

"படம், பாட்டு, சீரியல்... எல்லாத்தையும் என் ஹார்ட் டிஸ்க்குல போட்டு வெச்சிருக்கேன். யாருக்கு எது வேணுமோ எடுத்துப்பாங்க." சொல்லும்போதே அவன் குரல் இறங்கியது. தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பது அவனுக்கே உறைத்துவிட்டது.

"எந்த டிஸ்க்குல?"

"இருக்கறதே ஒண்ணுதான்."

"அதாவது, நீ என் காலை எழுதிக்கிட்டிருந்த அதே டிஸ்க்குலேர்ந்து ஊரே படம் உருவிக்கிட்டிருந்துச்சு."

மெதோடி ஆட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றிய வெள்ளிக்கிழமை புதுச் சினிமா ஒன்று வந்திருந்தது, எல்லோரும் வேலை முடிந்து வந்து ஒரே நேரத்தில் பாய்ந்தார்கள், அவன் கேசட்டை ஓடவிட்டு மிளகாய் சுடப் போய்விட்டான். இவ்வளவுதான் நடந்தது.

"இப்ப யார் யார் எடுக்கறாங்கன்னு தெரியுமா?"

தெரியும். பட்டியலைத் திறந்தான். பெயர் பெயராக வரிசையில் நின்றது. மூன்றாம் மாடி ஸ்பாஸ். இரண்டாம் பிளாக் தச்சர். தொன்கா. எலென்கா. இருவரும் வரிசையில் ஆறாவதாகவும் ஒன்பதாவதாகவும் ஆடுகிறவர்கள், தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். எல்லோருக்கும் மேலே, ஐந்தாம் மாடி, வெனெத்தா.

ராத்கா அந்தப் பெயரை இரண்டு தடவை படித்தாள். சிரிப்பு வந்தது, நல்ல சிரிப்பு இல்லை. வரிசையில் இடறியவள் அவள், தாங்கியது இவள். படத்தைத் தின்றவளும் அவள், பட்டினி போட்டு வெளியே தள்ளியது இவளை. எந்த ஊர் நியாயம் இது?

"ஒயரப் பிடுங்கு."

"அக்கா, அது மட்டும் முடியாது. வியாழக்கிழம சீரியல் வேற. அடிச்சே கொன்னுருவாங்க."

ராத்கா நாற்காலியை இழுத்துப் போட்டு அதன்மேல் ஏறினாள். முடிந்துபோன கால் என்று ஊர் சொன்ன அதே காலால்தான் ஏறினாள். பெட்டியின் மின்ஒயரை ஒரே இழுப்பில் உருவினாள். பச்சை விளக்குகள் செத்தன.

"இப்ப ஏத்து."

கேசட் ஓடத் தொடங்கியது. கீழே பூஜ்யம். ஒரு நிமிஷம், பூஜ்யம். வெளியே முதல் குரல் கேட்டது: "மெதோடீ! என்னய்யா ஆச்சு?" இரண்டாவது குரல்: "டேய் மெதோடி, கொலகாரன் யாருன்னு தெரியறதுக்குள்ள நின்னுபோச்சுடா!" பால்கனிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. ஐந்து நிமிஷம், பூஜ்யம். மாடிப்படியில் செருப்புச் சத்தம். கதவைத் தட்டாமலே உள்ளே வந்தார்கள். முன்னால் ஸ்பாஸ், அவருக்குப் பின்னால் தொன்கா, எலென்கா. கடைசியாக, வீட்டுச் செருப்போடும் தலையில் சுருட்டிய ரோலர்களோடும் வெனெத்தா.

நாற்காலி பெட்டிக்குக் கீழே கிடந்தது. பிடுங்கிய ஒயர் இன்னும் ராத்காவின் கையில் இருந்தது. வெனெத்தாவுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

"நெனச்சேன்! வரிசைலேர்ந்து எடுத்தா ஊரையே இருட்டாக்குவியா? என்ன வயித்தெரிச்சல்டி இது!"

"உக்காரு வெனெத்தா. படம்தான பாக்க வந்த? பாரு."

"எனக்கு நேரமில்ல."

"ஞாயித்துக்கிழம எனக்கு நேரம் இருந்துச்சா? உக்காருடி!"

ராத்கா இப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. வெனெத்தா உட்கார்ந்தாள். மெதோடி முதலில் பழைய டிஸ்க்கைப் போட்டான். அந்த அசிங்கமான தாவல் வந்தபோது ஸ்பாஸ் இருமினார். பிறகு, ஏற்றி முடித்த புதுப் படத்தைப் போட்டுவிட்டு, நடந்ததைத் தரையைப் பார்த்தபடி சொன்னான்: ஒரே ஹார்ட் டிஸ்க், பதினோரு வீடு, நானூற்றுப் பன்னிரண்டு, சரி என்ற பட்டன்.

"நான் எதையும் எடுக்கல. கீரோதான் எடுப்பான்" என்றாள் வெனெத்தா. கீரோ அவள் கணவன், எல்லாப் பழிக்கும் பிறந்தவன்.

திரையில் முதல் சுற்று போனது. இரண்டாவது. மூன்றாவதில் என்ன வரப்போகிறது என்று அந்த அறையில் ராத்காவுக்கு மட்டும்தான் தெரியும். போதும் என்று ஒரு வார்த்தை சொன்னால் மெதோடி நிறுத்திவிடுவான். பட்டையில் நடந்தது பட்டையோடு போய்விடும். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பத்துப் பேர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. நரிக்கொழுப்புக் களிம்பு ஞாபகம் வந்தது.

"ஓடட்டும்" என்றாள், யாரும் எதுவும் கேட்காமலே.

ஓடியது. வலது கால் எழுந்தது, இறங்கியது. ஓரத்தில் கறுப்புக் காலுறை வழுக்கியது, பட்டை இறுகியது, வரிசை நகர்ந்தது. தொன்கா மூச்சை உள்ளே இழுத்தது எல்லோருக்கும் கேட்டது. எலென்கா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன?" என்றார் ஸ்பாஸ். "எல்லாரும் நல்லாத்தான ஆடுறீங்க?"

வெனெத்தா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்: "இழுத்தது நீயா?"

"பின்ன உன் புருஷனா? அவன் நெட்டுல படம் உருவிக்கிட்டிருந்தான்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"பட்டையில நடந்தத எவடி வெளிய சொல்லுவா? உங்கம்மா சொன்னாளா, எங்கம்மா சொன்னாளா? எனக்கு ஞாபகமே இல்லடி, அவ்ளோதான் அது எனக்கு! நீ என்ன பண்ணுன? ஒரு காகிதத்த நம்பி என்னக் கீழ உக்காந்து கைதட்டச் சொன்ன. அம்பது வருஷமா உன் பட்டையப் பிடிச்ச கை இது. அத நம்பல." குரல் உடைந்தது. உடைந்ததற்காகவும் அவளுக்குக் கோபம் வந்தது.

வெனெத்தா எழுந்தாள். முகம் வெளுத்திருந்தது. "சரி விடு. ஞாயித்துக்கிழம வந்துரு."

"வர மாட்டேன்."

"இன்னும் என்ன?"

"எல்லாரும் கேக்கத் தொரத்துன. இப்ப செவுத்தோட பேசற மாதிரி கூப்புட்டா வந்துரணுமா? ரொட்டிக் கடைக்காரி வரைக்கும் தெரியும் என் கால் போயிருச்சுன்னு."

வெளியே மூன்று பிளாக்கின் பால்கனிகளிலும் ஆட்கள் நின்று மெதோடியின் பெயரை ஏலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். வெனெத்தா அந்தச் சத்தம் வந்த பக்கம் திரும்பினாள். பிறகு பால்கனிக் கதவைத் திறந்து, பாதி சுட்ட மிளகாய்த் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ரோலர் சுருட்டிய தலையோடு கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரிசையை நடத்துகிற குரல் அது, ஆற்றின் அக்கரைக்கே கேட்கும்.

"கேளுங்க எல்லாரும்! ராத்கா கால் நல்லாருக்கு! இடறுனது நான்! அவதான் என்னப் பிடிச்சு நிறுத்துனா! ஞாயித்துக்கிழம அவ இல்லாம வரிசை கெளம்பாது! கேட்டுச்சா?"

மூன்று பிளாக்கும் அடங்கியது. பிறகு இரண்டாம் பிளாக்கிலிருந்து தச்சரின் குரல் வந்தது: "கேட்டுச்சு வெனெத்தா! நெட்டு எப்ப வரும்?"

வெனெத்தா உள்ளே வந்தாள். ராத்காவின் கண்ணைப் பார்க்காமல் கேட்டாள்: "போதுமா?"

"போதும். அடுத்த தடவ இடறுனா இழுக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"இழுக்காத" என்று சொல்லிவிட்டு வெனெத்தா நாற்காலியில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள்.

மெதோடி புது டிஸ்க்கை எழுதப் போட்டான். இருபது நிமிஷம் ஆகும் என்று திரை சொன்னது. வெளியே மறுபடியும் கூச்சல் தொடங்கியது. அவன் ராத்காவின் கையிலிருந்த ஒயரைப் பார்த்தான்.

"அக்கா, இப்ப மாட்டிரலாமா? கத்தறாங்க."

"டிஸ்க்கு முடியட்டும்" என்றாள் ராத்கா. "அதுவரைக்கும் கத்தட்டும். நான் நாலு நாளா கத்தாம இருந்தேன்ல."